நாற்பதாவது கட்டம்

நாற்பது கட்டங்களில் முப்பத்தொன்பது நிரம்பிவிட்டன. நாற்பதாவதில் ‘வேண்டாம்’ என்று பேச்சுப் பயிற்சி தருகிற ஜெஸிந்தா டீச்சர் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு நேரே தேதி, நேரம், எத்தனையாவது நொடி என்று மூன்று இடம் வெறுமனே கிடந்தன. பலவேசம் தாளை மடியில் வைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பயிற்சி மையத்துத் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்று பத்து. உள்ளே மனைவி சந்தனமாரிக்குக் கைப்பயிற்சி நடக்கிறது, பன்னிரண்டே காலுக்குக் கூப்பிடுவார்கள், அதற்குள் எழுதிவிட வேண்டும், எழுத என்ன இருக்கிறது, ஒரு வரி, ஐஸ் கம்பெனி லாக் புத்தகத்தில் பத்தொன்பது வருஷமாக மணிக்கொரு தரம் எழுதுகிற கைதானே, பிரஷர் இத்தனை, தொட்டியின் உப்புத்தண்ணி பூஜ்யத்துக்குக் கீழே இத்தனை என்று தூங்கிக்கொண்டே எழுதுகிற கை. இன்றைக்கும் காலை ஆறு மணிக்குத்தான் அதை எழுதி முடித்து வெளியே வந்தார். இரவெல்லாம் அம்மோனியா குழாய்களுக்கு நடுவே இருந்துவிட்டு வந்தால் மத்தியானம் வரை விரல்களில் விறைப்பு போகாது, பேனா பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. உடம்பு முழுக்கவே கொஞ்ச நாளாக அப்படித்தான் இருக்கிறது. பரவாயில்லை, அதுவும் ஒரு சௌகரியம்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததோடு சந்தனமாரியின் பேச்சும் போயிற்று. காது கேட்கும், சொன்னது விளங்கும், சிரிப்பு வரும், சொல் மட்டும் வராது. வாயைத் திறந்தால் தா தா தா என்று ஒரே சத்தம். எழுத்தும் கலைந்துவிட்டது, தன் பெயரை எழுதிக் காட்டினால் யாருடையதோ என்பதுபோலப் பார்க்கிறாள். அதனால்தான் இந்த டேப், ஸ்லேட்டு அளவில் ஒரு தொடுதிரை. நாற்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு படம், தொட்டால் ஒரு சொல் பேசும். வாங்கி வந்த நாளில் அதற்குள்ளேயே ஒரு குரலும் இருந்தது, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒருத்தி, எனக்குத் தண்ணீர் வேண்டும், எனக்குக் கழிவறைக்குச் செல்ல வேண்டும் என்று ஏற்ற இறக்கமில்லாமல் சொல்வாள். சந்தனமாரி ஒரு தரம் தொட்டாள். கேட்டாள். சேலைத் தலைப்பை இடது கையால் இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் அதைத் தொடவில்லை. ‘தோசக்கல்லுல கைய வச்ச மாதிரிலா இழுத்துட்டாவ’ என்றாள் ஜெஸிந்தா டீச்சர். ‘தப்பு நம்ம மேலதான் அண்ணாச்சி. ஊருக்குப் புதுசா வந்தவ ஒருத்தியக் கூட்டிட்டு வந்து இனிமே இவதான் ஒங்க வாய்னு சொன்னா யாரு ஒத்துக்கிடுவா?’ படங்களும் அப்படித்தான், தண்ணி என்றால் ஒரு நீளக் கண்ணாடி தம்ளர், எந்த ஊர் தம்ளரோ. பலவேசம் வீட்டுக்குப் போய் அவள் குடிக்கிற எவர்சில்வர் தம்ளரை, விளிம்பில் நசுங்கல் தெரியும்படி, படம் பிடித்து வந்தார். அதை ஏற்றியதும் மறு நிமிஷம் தொட்டாள். அப்புறம் அடுப்பு, ஃபேன், வாசல் கதவு, கட்டில், சாம்பல் நிற மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அவரே எடுத்தார். பத்தொன்பது வருஷமாக இருக்கிற வீட்டை ஒவ்வொரு சாமானாக அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவர் பகலில் தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

குரலுக்கு என்ன செய்வது என்று வந்தபோதுதான் டீச்சர் கேட்டாள், அக்கா பேசினது எங்கயாவது இருக்கா அண்ணாச்சி, கல்யாண வீடியோ, எதாச்சும்? இருந்தது. வாட்ஸப்பில் அழியாமல் நாற்பது செய்தி இருந்தது. சந்தனமாரிக்கு போனில் தட்டி எழுதப் பொறுமை கிடையாது, ராத்திரியில் தோன்றுவதைப் பேசி அனுப்பிவிடுவாள். அவர் கம்ப்ரஸர் சத்தத்துக்கு வெளியே வந்து, ஐஸ் உடைக்கிற இடத்தைத் தாண்டி, கேட் பக்கம் நின்று போனைக் காதோடு அழுத்திக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவார். அவற்றைத்தான் மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்தச் செய்தியில் எத்தனையாவது நொடியில் எந்தச் சொல் வருகிறது என்று குறித்துக்கொண்டிருக்கிறார். அதை வெட்டி எடுத்துக் கட்டத்தில் வைப்பது டீச்சரின் வேலை. கொண்டி போட்டுட்டேன், வந்து ஜன்னல்ல தட்டுங்க. இதிலிருந்து ஜன்னல். மழ பெய்யிது, கொடில கெடந்த ஒங்க சட்டைய எடுத்துட்டேன், கேட்டியளா. இதிலிருந்து மழை, சட்டை. கரண்ட் போயிட்டு, விசிறிக்கிட்டு இருக்கேன், அங்க ஒங்களுக்கென்ன, குளுகுளுன்னு இருப்பிய. இதில் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. டீச்சர் அந்தச் சிரிப்பையும் ஒரு கட்டமாக வைத்துவிட்டாள், இருபத்திரண்டாவது. அதைக் கேட்ட அன்று சந்தனமாரி நிஜமாகவே சிரித்தாள், பல்லில் பாதி தெரிய, வாய் ஒரு பக்கமாகப் போக, டேப்பில் பழைய சிரிப்பும் வெளியே இந்தச் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, பலவேசம் எழுந்து வெளியே போய் வண்டிக்கு ஸ்டாண்ட் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

‘காலத் தூக்குங்க அண்ணாச்சி’ என்று துடைப்பத்தோடு செல்லக்கனி வந்து நின்றாள். மையத்தைத் துடைத்துப் பெருக்குகிறவள், வருகிறவர்களின் கதையெல்லாம் தெரிந்தவள். அவர் இயர்போனைக் கழற்றினார். ‘என்ன, கண்ண மூடிக்கிட்டு சொகமாக் கேக்கிய. காதல் பாட்டா?’ இல்ல தாயி, வீட்டுல பேசினது என்றார். ‘அதத்தான் சொல்லுதேன். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, நான் நேர்ல நின்னு கத்துனாலே திரும்பாது. இனி நானும் போன்ல பேசி அனுப்பணும் போல. நாம செத்த பொறவாச்சும் மாட்டிக்கிட்டுக் கேக்கும்லா.’ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அக்கா நல்லா இருப்பாவ, நான் ஒரு கூறுகெட்டவ, என்று வாளியை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பினாயில் வாசம் கொஞ்சம் அம்மோனியா மாதிரியே மூக்கில் ஏறிற்று. கால்களை இறக்காமல் ஈரம் காய்கிற வரை அப்படியே தூக்கி வைத்திருந்தார். ஈரம் ஓரத்திலிருந்து நடுவுக்குக் காய்ந்து வந்தது. ஐஸ் தொட்டியிலும் இப்படித்தான், தகர கேனின் ஓரங்களில் முதலில் பிடிக்கும், பிறகு உள்ளே, நடுவில் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணி கடைசி வரைக்கும் இறுகாமல் நிற்கும். அந்தத் தண்ணியும் இறுகின பிறகுதான் கேனைத் தூக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து, அகராதியை வைத்துக்கொண்டு, தானே படித்துத் தெரிந்துகொண்ட வேலை. அதில் ஒரு பெருமை இருந்தது. ராத்திரியில் அந்தப் பெருமையோடு தனியாக உட்கார்ந்திருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். வேண்டாம், இதோ அந்தச் சொல், தலைக்குள் சும்மா வந்து போகிறது, போனில் மட்டும் கிடைக்கவில்லை.

அப்படிச் சொல்வது பொய். கிடைக்காமல் இல்லை. முப்பத்தொன்பது செய்திகளில் கிடைக்கவில்லை, நாற்பதாவதில் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொன்பதையும் கேட்டாயிற்று. மூன்றாவது வாரமும் கேட்டபோதுதான் உறைத்தது, இத்தனை செய்தியிலும் அவள் தனக்கென்று ஒன்று கேட்டதில்லை. பசி என்ற சொல், பசிச்சா பைல பிஸ்கட் வச்சிருக்கேன் என்பதிலிருந்து வந்தது. வலி, ஒங்க முட்டுவலிக்குத் தைலம் என்பதிலிருந்து. வேணும் என்பதற்கு மட்டும் இரண்டு நாள் தேடினார், கடைசியில் எலுமிச்ச ஊறுகா வேணுமா என்று கேட்டிருந்த ஒன்று கிடைத்தது, டீச்சர் அதன் வாலை நறுக்கிக் கேள்வியை எடுத்துவிட்டாள், இப்போது சந்தனமாரி தொட்டால் அது அவளுக்கு வேணும் என்று ஆகிறது. நறுக்கின இடம் காதுக்குத் தெரியத்தான் செய்கிறது. அவரைக் கூப்பிட ஒரு கட்டம், முதல் கட்டமே அதுதான், ஒங்கள அக்கா எப்படிக் கூப்பிடுவாவ என்று டீச்சர் கேட்டபோது யோசித்துப் பார்த்தார். கூப்பிட்டதாகவே ஞாபகம் இல்லை. கேட்டியளா என்பாள். வந்துட்டியளா என்பாள். அதையே வைத்தார்கள், அவர் படத்துக்குக் கீழே வந்துட்டியளா. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து வருமே, அதே குரல். இப்போது அவள் இடது ஆட்காட்டி விரலால் அவர் முகத்தைத் தொடுகிறாள், வந்துட்டியளா என்கிறது டேப், அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார், ஆமா என்கிறார்.

‘வேண்டாம்ங்கறது இல்லாம அனுப்ப மாட்டேன் அண்ணாச்சி’ என்று போன வாரம் டீச்சர் சொன்னாள். ‘கேக்கதுக்குச் சொல்லு குடுத்துட்டு மறுக்கதுக்குக் குடுக்கலன்னா அது பேச்சில்ல, பிச்ச. கிடைக்கலன்னா சொல்லுங்க, அந்த ஒண்ணுக்கு மட்டும் மெஷின் கொரல வச்சுக்கிடுவோம். ஆனா அவுக தொட மாட்டாவ, பாத்துக்கிடுங்க.’ கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். டீச்சர் வந்து தேடவா போகிறாள். ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு நொடி ஓடுகிற அந்தச் செய்தியில் அவர் நாலு நொடிதான் கேட்டிருக்கிறார். இங்க பாருங்க, தூக்கம் வரல, ஒண்ணு சொல்லணும், என்பது வரைக்கும். வாதம் வந்த அன்றைக்கு ராத்திரி மூன்று இருபதுக்கு வந்தது. குரலில் வழக்கமில்லாத ஒரு நிதானம் இருந்தது, அது எதைப் பற்றி என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சாயங்காலமே மூஞ்சி சரியில்லை. கம்பெனி கிளார்க் முருகேசன் பொண்டாட்டியை ரேஷன் கடையில் பார்த்தாளாம். மொதலாளி ரெண்டு தடவ பகல் ஷிஃப்ட்டு தாரேன்னாராமே, அண்ணாச்சிதான் வேண்டாம்னுட்டாவளாமே, அப்படியாக்கா, என்று முருகேசன் பொண்டாட்டி கேட்டிருக்கிறாள். வீட்டில் அவர் சொல்லிவைத்திருந்தது வேறு. மொதலாளி பகலுக்கு மாத்த மாட்டேங்கான், என்ன செய்ய. வருஷம் வருஷமாக அதைத்தான் சொன்னார். சந்தனமாரி நம்பி, வாசலில் கொண்டி போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். ஏன் வேண்டாம் என்றார்? ஒரு காரணமும் இல்லை. அவளைப் பிடிக்காமல் அல்ல. பகலில் ஆட்கள் பேசுவார்கள். வீட்டில் ராத்திரி இருந்தால் அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், இதைப் போய் ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது. நாலு நொடியில் நிறுத்தி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விடியட்டும் என்று உள்ளே போனார். கட்டைவிரல் அனுப்பவில்லை. அது ஒன்றுக்குத்தான் அனுப்பவில்லை.

ஆறு பத்துக்கு ஜன்னலில் தட்டினார். வந்துட்டியளா வரவில்லை. கம்பிக்குள் கையை விட்டுக் கொண்டியைத் தள்ளி உள்ளே போனபோது அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே அவள் கிடந்தாள், கண் திறந்திருந்தது, அவரைப் பார்த்தது. வாசல் பக்கம் மெரூன் நிற ரெக்ஸின் பை, ஜிப் போட்டு, ரெடியாக. முதலில் பையைத்தான் தூக்கினார். யாரிடமும் சொல்லாதது அது. அவளைத் தூக்குவதற்கு முன்னால் பையைத் தூக்கிப் பரணில் போட்டார், அக்கம்பக்கத்து ஆட்கள் வருவார்கள், பார்ப்பார்கள், எங்க கிளம்பினா என்று கேட்பார்கள். அவள் தரையிலிருந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் நூற்றியெட்டுக்கு போன். ஆறு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. டூட்டி டாக்டர் சின்னப் பையன், வந்த வேகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க? மூன்று இருபது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்ன பேசினாங்க என்று அடுத்ததாகக் கேட்பானே. போனைக் காட்டு என்பானே. கோவில்பட்டியிலிருந்து அவளுடைய அக்கா வருவாளே. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டான், நர்ஸிடம் திரும்பி டைம் தாண்டிருச்சு என்றான், வேறு என்னவோ மருந்து சொன்னான். எதற்கு டைம் என்று அவருக்கு விளங்கவில்லை. நாலாவது நாள் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது சுவரில் ஒட்டியிருந்த தாளை, வேறு படிக்க ஒன்றும் இல்லாததால், மேலிருந்து கீழே படித்தார். வாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள், மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி உண்டு என்று இருந்தது. கூட்டிப் பார்த்தார். மூன்று இருபதிலிருந்து ஆறு ஐம்பது. மூன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது. வரிசையில் அவர் முறை வந்தது, சீட்டை நீட்டினார், மாத்திரைகளை வாங்கினார், சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், படியேறி மேலே போனார். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் ஆச்சரியம், சாப்பாடு இறங்குகிறது, பகலில் தூக்கம் வருகிறது, ஊசி போட்டிருந்தாலும் எல்லாருக்கும் கேட்காதாம், அதையும் எங்கேயோ படித்து வைத்திருக்கிறார், எல்லாருக்கும் கேட்காதாம், சிலருக்குக் கேட்கும், சிலருக்கு.

பதினொன்று ஐம்பது. ஒரு வழி இருக்கிறது. செய்தியை டீச்சர் நம்பருக்கு ஃபார்வர்டு செய்து தள்ளிவிட்டால் அங்கே இன்றைய நேரம்தான் காட்டும், மூன்று இருபது தெரியாது. சொல்லும் கிடைத்துவிடும், நேரமும் போய்விடும். தாளில் என்னவாவது ஒரு தேதி எழுதிக்கொள்ளலாம். லாக் புத்தகத்தில் கண் அசந்துபோன ராத்திரிகளில் அப்படி எழுதியதில்லையா, நாலு மணிக்குரியதை ஐந்து மணிக்கு, முன்னும் பின்னும் பார்த்து நடுவில் பொருத்தமாக ஒன்று. ஆனால் அவளுக்குத் தெரியுமே. எப்போது அனுப்பினாள் என்று அவளுக்குத் தெரியும், பை எங்கே போனது என்று தெரியும், கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழு மாதமாகப் பரணைப் பார்க்கிறாள், டாக்டரிடம் அவர் சாயங்காலம் என்று சொன்னபோது பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். காது கேட்கும். சொன்னது விளங்கும். நாற்பது கட்டம் கையில் கிடைத்தால் என்ன சொல்வாள்? பை என்று ஒரு கட்டம் இல்லை. அவர் படம் எடுக்கவில்லை. பொய் என்று ஒரு கட்டம் இல்லை. சொற்களைப் பொறுக்குகிற வேலை அவரிடம் இருந்தது, நல்ல சொற்களாகத்தான் பொறுக்கியிருந்தார். அவருக்குக் கேட்கப் பிடித்த சொற்கள். இது ஒன்று பாக்கி.

அவர் பயந்ததெல்லாம் கடைசிப் பாதியைத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கு குழறிவிட்டிருந்தால்? வாங்க, என்னமோ பண்ணுது என்று அதில் இருந்தால்? ஏழு மாதமாக அதைத்தான் கேட்காமல் இருக்கிறார். செய்தியைத் தொட்டார், தொட்டதை விரல் உணரவில்லை, காதில் ஃபேன் ஓடுகிற சத்தம் வந்தது, அவர்கள் வீட்டு ஃபேன், ஒரு சுற்றுக்கு ஒரு கிரீச். இங்க பாருங்க, தூக்கம் வரல, ஒண்ணு சொல்லணும். முருகேசன் வீட்டுக்காரி சொன்னது நெசம்தானான்னு நான் கேக்கல. நெசம்தான், எனக்குத் தெரியும். பகல் ஷிஃப்ட்டு கெடைக்கலன்னு நீங்க சொல்லும்போது ஒங்க மொகத்துல ஒரு சந்தோஷம் இருக்கும், நான் அப்பம்லாம் வேற என்னமோன்னு நெனச்சேன். கிரீச். கிரீச். பத்தொம்போது வருசம் ராத்திரி ஒரு பல்லி விழுந்தாக்கூட ஒங்களுக்குப் போன்ல சொல்லிருக்கேன். நீங்க வெரலக் காட்டுவிய. எனக்கு வேண்டாம். இது எனக்கு வேண்டாம். சண்டைக்குச் சொல்லல. மொத பஸ்ஸுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். தேடி வராதிய, நானாத் தோணினா வாரேன். மறுபடி ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம். பலவேசம் மூச்சை அடக்கிக்கொண்டு நாக்கு எங்கே குழறும் என்று காத்திருந்தார். குழறவில்லை. மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, உப்பு போட்டுட்டேன், நீங்க வேற போட்டுராதிய. முடிந்தது. கடைசி எழுத்து வரைக்கும் தெளிவாக, மணி மாதிரி. மூன்று இருபதுக்கு அவளுக்கு ஒன்றுமே இல்லை. அவர் திரும்ப ஓட்டினார். ஐம்பத்தோராவது நொடி. எனக்கு வேண்டாம். பேனாவை எடுத்து, லாக் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே, கோடு தாண்டாமல், தேதி, நேரம், நொடி மூன்றையும் எழுதினார். எழுதிய பிறகு அது அவர் எழுத்தாகவே இருந்தது.

கூப்பிட்டார்கள். சந்தனமாரி சக்கர நாற்காலியில் ஜன்னலோரமாக இருந்தாள், முன்னால் ஸ்டாண்டில் டேப். அவரைப் பார்த்ததும் முதல் கட்டத்தைத் தொட்டாள். வந்துட்டியளா. ஆமா என்றார். ஜெஸிந்தா டீச்சர் போனை வாங்கி ஒயரால் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டுத் தாளை எடுத்தாள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, எந்தச் சொல்லையும் உரியவர்களுக்கு வாசித்துக்காட்டி அவர்கள் தலையாட்டிய பிறகுதான் டேப்பில் நிரந்தரமாக வைப்பார்கள். ஒவ்வொன்றாக வாசித்தாள். ஜன்னல், ஒம்பதாம் தேதி, பத்து நாப்பது. தலையாட்டல். அக்கா, கோவில்பட்டி அக்காவின் படம் போட்ட கட்டம், மூணாம் தேதி, பதினொண்ணு அஞ்சு. தலையாட்டல். ஊறுகாய்க்கு ஒரு சின்னச் சிரிப்பு. அவர் பார்த்துக்கொண்டு நின்றார், காலின் கீழே தரை எங்கேயோ தள்ளி இருக்கிற மாதிரி இருந்தது.

‘நாப்பது. வேண்டாம். ஆஹா, கெடச்சிட்டா! பதினாலாம் தேதி, காலைல மூணு இருபது.’ டீச்சர் வாசித்துவிட்டு நின்றாள். மேசையில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தாள். ‘பதினாலாந்தேதிதான அக்காவ அட்மிட் பண்ணினது? இதுல கடைசியா பேசினது முந்தின நாள் சாயங்காலம் ஆறுன்னு இருக்கு அண்ணாச்சி.’

‘நான் சொன்னதுதான் டீச்சர் அது.’

‘அப்ப இது?’

‘இதுதான் நெசம். மூணு இருவதுக்கு நல்லாப் பேசிருக்கா. எனக்கு அப்பமே தெரியும். மாத்திச் சொல்லிட்டேன்.’ குரல் அவருடையது மாதிரியே இல்லை, செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. ‘ஊசிக்கு நேரம் இருந்திருக்கு.’

டீச்சர் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, சந்தனமாரியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ‘அக்கா, இந்தச் சொல்ல வச்சுக்கிடலாமா?’ என்று மட்டும் கேட்டாள். சந்தனமாரி டீச்சரைப் பார்க்கவில்லை. பலவேசத்தைப் பார்த்தாள். தரையிலிருந்து பையைப் பார்த்த அதே கண். கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை, தெரியாத ஒன்றைக் கேட்டவளின் முகமாக மட்டும் அது இல்லை. அவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

டீச்சர் வெட்டினாள், ஒட்டினாள், ஏற்றினாள். ‘இப்ப வீட்டு ஆள் ஒரு கேள்வி கேக்கணும். அதுதான் எங்க பழக்கம்’ என்றாள். குரல் முன்னைப்போல இல்லை. ‘பதில் தெரியாத கேள்வியாக் கேளுங்க. தெரிஞ்சதக் கேட்டா அது பரீட்ச.’

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது, தினமும் இந்நேரத்துக்குக் கேட்பது. அதற்குப் பதில் தெரியும் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தார். ‘வீட்டுக்குப் போவமா?’ என்றார்.

சந்தனமாரியின் விரல் எழுந்தது. கடைசி வரிசைக்குப் போனது. தேடவில்லை.

எனக்கு வேண்டாம்.

நறுக்கின இடமே தெரியவில்லை, அந்த அறைக்குள் அவளே சொன்ன மாதிரி இருந்தது. வாசலில் வாளியோடு நின்ற செல்லக்கனி, ‘பாருங்களேன், மொத நாளே எதுத்துப் பேசுதாவ!’ என்று சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

‘அப்ப எங்க?’ என்றார் பலவேசம். இதற்கும் பதில் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். விரல் மேலே ஏறி, ஜன்னலைத் தாண்டி, மழையைத் தாண்டி, சிரிப்பின் மேல் ஒரு கணம் நின்று, அதைத் தொடாமல் விலகி, பக்கத்துக் கட்டத்தில் இறங்கியது.

அக்கா.

ஃபேன் சுற்றியது. இங்குள்ள ஃபேனுக்குச் சத்தம் இல்லை. வலது கை கட்டைவிரல் தன்னால் நிமிர்வதை அவர் பார்த்தார், மடக்கிக்கொண்டார்.

‘சரி’ என்றார். வாயால் சொன்னார். பிறகு கோவில்பட்டி மதினிக்கு போன் போட வேண்டும் என்று டீச்சரிடம் போனைக் கேட்டு, ஒயரைப் பிடுங்கத் தெரியாமல், மரத்துப்போன விரல்களால் அதை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டு நின்றார்.